நோட்டீஸ் காலத்தில் மிச்ச லீவு: எடுப்பதா, காசாக்குவதா, தேதியை முன்னே இழுப்பதா?

பிரிட்டனில் வேலை மாறுகிறவர்கள் பலர் ராஜினாமாக் கடிதத்தை முதலில் கொடுத்துவிட்டு, லீவு எத்தனை நாள் மிச்சம் என்று பிறகுதான் பார்க்கிறார்கள். அதற்குள் கடைசித் தேதி எழுத்தில் ஏறியிருக்கும், புதிய இடத்திலும் சேரும் நாளைச் சொல்லியாகியிருக்கும். அப்புறம் ஹெச்ஆர் என்ன சொல்கிறதோ அதுதான். லீவுக் கணக்கை முதலில் போட்டு, அதற்கேற்ற தேதியைக் கடிதத்தில் எழுதினால் கையில் நாலு வழி இருக்கும். நோட்டீஸ் ஓடும்போதே அங்கங்கே லீவு எடுக்கலாம். எல்லாவற்றையும் கடைசியில் அடுக்கி, ஆபீஸ் போகும் நாட்களைக் குறைக்கலாம். எடுக்காமல் விட்டுப் பணமாக வாங்கலாம். வேலை முடியும் தேதியையே முன்னே கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவதும் நாலாவதும் பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கும். "லீவை நோட்டீஸில் கழிச்சுக்கலாமா?" என்று மேனேஜரிடம் கேட்டால் அவர் இரண்டில் எதையும் புரிந்துகொள்ளலாம். ஒன்றில் நீங்கள் வீட்டில் இருந்தாலும் கடைசித் தேதி வரை ஊழியர். மற்றதில் அந்தத் தேதியே மாறுகிறது. சம்பளம், பென்ஷன், இன்ஷூரன்ஸ், விசா எல்லாம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தவை.

கணக்கு எங்கே தப்புகிறது

இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்துபவை. வட அயர்லாந்துக்குத் தனி விதிகள் உண்டு. 1998-ஆம் ஆண்டு வேலைநேர விதிகளின்படி குறைந்தபட்ச லீவு ஆண்டுக்கு 5.6 வாரம். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 28 நாள், மூன்று நாள் என்றால் 16.8 நாள். பேங்க் ஹாலிடேக்களை (பொது விடுமுறை நாட்களை) இந்த 28-க்குள் சேர்க்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பாதியில் விடுகிறவருக்கு, ஆண்டில் எத்தனை பங்கு வேலை பார்த்தாரோ அத்தனை பங்கு லீவு.

ஒரு உதாரணத்தைக் கடைசி வரை கூடவே கொண்டுபோவோம். லீவு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 28 நாளுக்குள் பேங்க் ஹாலிடேயும் அடக்கம். வேலை முடியும் தேதி ஜூன் 30. ஆண்டில் பாதி, ஆக 14 நாள். இங்கிலாந்தில் வருடத்துக்கு எட்டு பேங்க் ஹாலிடே. புத்தாண்டு, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே மாதத்தில் இரண்டு என்று ஐந்து ஜூனுக்குள்ளேயே முடிந்துவிடும். மிச்சம் 9. பிப்ரவரியில் சொந்தமாக மூன்று நாள் எடுத்தாகிவிட்டது. கையில் இருப்பது 6.

இந்த பேங்க் ஹாலிடே விஷயத்தில்தான் பலருக்கு மனக்கணக்கு தப்பும். 28-இல் எட்டு போக 20 நாள் என்னுடையது, மே முடிய ஐந்து மாதம், அதனால் 8.33 நாள் எனக்கு வரும் என்று நினைப்பார்கள். ஆனால் ஐந்து மாதத்துக்குச் சேரும் 11.67 நாளில் ஐந்து பேங்க் ஹாலிடேயாகப் போயிருக்கும், மிஞ்சுவது 6.67 மட்டும். நவம்பர் இறுதியில் விடுகிறவருக்கு இது நேர் எதிராகும். சேர்ந்தது 25.67, போன பேங்க் ஹாலிடே ஆறு, கிறிஸ்துமஸ் இரண்டும் இன்னும் வரவில்லை, ஆக 19.67. ஒன்றரை நாள் இப்படியோ அப்படியோ நகர்வது ஹெச்ஆர் செய்யும் சூது அல்ல, நாட்காட்டி அப்படி.

போன ஆண்டு எடுக்க முடியாமல் போன லீவும் சில சமயம் இந்தக் கணக்கில் சேரும். நீண்ட நாள் உடல்நலமில்லாமல் இருந்தவர், மகப்பேறு விடுப்பில் இருந்தவர் இவர்களுக்கெல்லாம் லீவு அடுத்த ஆண்டுக்குப் போக வழி உண்டு. "எடுங்கள், இல்லாவிட்டால் போய்விடும்" என்று நிறுவனம் எச்சரிக்கவே இல்லை என்றால் 5.6 வாரத்தில் நாலு வாரப் பகுதி மற்றவர்களுக்கும் அப்படிப் போகும். பழைய ஆண்டுக் கணக்கைத் திறக்காமல் கடிதம் எழுத வேண்டாம்.

28-க்கு மேல் கான்ட்ராக்டில் கொடுக்கும் நாட்கள் வேறு ரகம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில், ஏஜெண்டா ஃபார் சேஞ்ச் என்ற சம்பள ஒப்பந்தத்தில் உள்ள ஊழியருக்கு ஆரம்பத்திலேயே 27 நாளும், அதற்கு மேல் எட்டு பேங்க் ஹாலிடேயும் உண்டு. சட்டம் சொல்வதைவிட ஏழு நாள் அதிகம். இப்படிக் கூடுதலாக வரும் நாட்களுக்கு விடும்போது என்ன கிடைக்கும் என்பதை கான்ட்ராக்ட்தான் முடிவு செய்யும். நோட்டீஸை முழுதாக முடிக்காமல் போனால் கூடுதல் நாட்களுக்குப் பணம் இல்லை என்றுகூட எழுதியிருக்கலாம். 5.6 வாரப் பகுதியை அப்படிப் பறிக்க முடியாது, வேலையை விட்டுத் துரத்தியிருந்தாலும்.

யார் கையில் தீர்மானம்

லீவு எப்போது என்பதில் கடைசிச் சொல் நிறுவனத்துடையது. கான்ட்ராக்டில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் விதி இப்படி: எத்தனை நாள் லீவு வேண்டுமோ அதைப் போல இரண்டு மடங்கு நாள் முன்னால் கேட்க வேண்டும். ஆறு நாள் லீவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். மறுப்பதென்றால் நிறுவனம் குறைந்தது ஆறு நாள் முன்னால் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சம்மதித்த லீவையும் இதே ஆறு நாள் அறிவிப்போடு ரத்து செய்யலாம். ராஜினாமா செய்தபின் சில மேனேஜர்கள் இதை உண்மையிலேயே செய்வார்கள், குறிப்பாகப் பொறுப்பை ஒப்படைக்க ஆள் கிடைக்காதபோது.

இது மறுபுறமும் வெட்டும். "மிச்ச லீவை நோட்டீஸுக்குள் எடுத்தே ஆக வேண்டும், பணம் தர மாட்டோம்" என்று நிறுவனமும் சொல்லலாம். ஆனால் அதற்கும் இரண்டு மடங்கு அறிவிப்பு வேண்டும். ஆறு நாளுக்குப் பன்னிரண்டு நாள். வியாழக்கிழமை கூப்பிட்டு "திங்கள் முதல் நீங்கள் லீவு" என்று சொன்னால், கான்ட்ராக்டில் அப்படி ஒரு வரி இல்லாதவரை செல்லாது. கார்டன் லீவில், அதாவது சம்பளம் கொடுத்து நோட்டீஸ் முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று, வீட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் மிச்ச லீவும் அதற்குள் கழிந்துவிடும் என்ற வரியை முன்பே எழுதி வைத்திருக்கும். உங்கள் துறையில் கார்டன் லீவ் சகஜம் என்றால் பணமாக வாங்கலாம் என்ற நினைப்பை ஆரம்பத்திலேயே விட்டுவிடலாம்.

நீங்கள் கேட்ட லீவை நிறுவனம் மறுத்தால் நஷ்டமா? லீவு போகும், பணம் போகாது. சட்டப்படியான லீவை வேலையில் இருக்கும்போது காசாக்க முடியாது. வேலை முடியும் நேரத்தில் மட்டும் எடுக்காத நாளுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

அங்கங்கே எடுப்பது

நாலில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்த வழி இதுதான். நோட்டீஸ் ஒரு மாதம் என்றால் அதில் வேலை ஒப்படைப்பு, பதில் வராத மின்னஞ்சல்கள், வழியனுப்பு என்று நாட்கள் ஏற்கெனவே கிழிந்து கிடக்கும். அதில் செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று என்று லீவு போட்டால் ஓய்வும் கிடைக்காது, ஒப்படைப்பும் பாதியில் நிற்கும். வேறு நேர்முகத் தேர்வுகள் பாக்கி இருக்கிறவர், வீடு மாறுகிறவர், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை நடுவில் வருகிறவர் இவர்களுக்கு மட்டும் இது சரி. மூன்று மாத நோட்டீஸ் உள்ளவர்களுக்கு இந்தக் குறை பொருந்தாது, அவர்கள் நடுவில் லீவு எடுக்கலாம். அத்தனை நீள நோட்டீஸை ஒரு வாரம்கூட ஒதுங்காமல் தாண்டுவது யாருக்கும் நல்லதில்லை.

மற்ற மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

உதாரணத்துக்கு வருவோம். ஆண்டுச் சம்பளம் 36,400 பவுண்டு. வருடத்துக்கு 260 வேலை நாள் என்று வகுத்தால் நாளுக்கு 140. ஆறு நாளுக்கு 840.

ஆறு நாளையும் ஜூன் கடைசியில் அடுக்கினால்: ஜூன் சம்பளம் முழுசாக, ஆறு நாள் ஓய்வு, ஜூன் 30 வரை ஊழியர். பணமாக வாங்கினால்: ஜூன் 30 வரை வேலை, முழுச் சம்பளம், மேலே 840. தேதியை ஆறு வேலைநாள் முன்னே இழுத்தால்: ஜூன் 22 வாக்கில் வேலை முடிகிறது, அதுவரை சம்பளம், மேலே லீவுப் பணம் (ஒரு வாரம் முன்பே முடிவதால் சேர்ந்த லீவிலும் அரை நாள் போலக் குறையும்), மறுநாளே புதிய இடத்தில் சம்பளம் ஓட ஆரம்பிக்கும்.

கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய சம்பளமும் பழையதும் ஏறக்குறைய ஒன்றென்றால் இரண்டிலும் கைக்கு வருவது ஏறக்குறைய ஒரே தொகை. அந்த ஆறு நாளை பழைய நாற்காலியிலா, புதிய நாற்காலியிலா கழிப்பது என்பது மட்டும்தான் வித்தியாசம். புதிய இடம் கூடுதலாகக் கொடுத்தால் தேதியை இழுப்பதில் லாபம். புதிய இடம் அவசரப்படுத்தினால் லாபமில்லாவிட்டாலும் நிம்மதி.

ஆனால் புதிய வேலை ஜூலை 1 என்று உறுதியாகிவிட்டதென்றால் தேதியை இழுப்பதில் அர்த்தமே இல்லை. ஆறு நாள் வீட்டில் இருப்பீர்கள், கையில் லீவுப் பணம் இருக்கும். லீவைக் கடைசியில் அடுக்கினாலும் அதே ஓய்வு, அதே பணம்தான். வித்தியாசம், அடுக்கும்போது இடையில் வேலையில்லாத நாள் இல்லை, பென்ஷன் பங்கும் மருத்துவ இன்ஷூரன்ஸும் ஜூன் 30 வரை ஓடும், அந்த லீவு நாட்களுக்கும் லீவு சேரும். இதைக் கவனிக்காமல் "சீக்கிரம் விட்டுவிடுங்கள்" என்று கேட்டு வாங்கி, கேட்டது கிடைத்ததே என்று சந்தோஷப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆக, புதிய இடத்தின் தேதி அசையாதென்றால் லீவைக் கடைசியில் அடுக்குவது. தேதி அசையும், சீக்கிரம் சேர ஆசை என்றால் முடியும் நாளை இழுப்பது. கையில் பணம் தேவை, ஓய்வு இப்போது வேண்டாம் என்றால் மட்டும் காசாக்குவது. அடுத்த வேலை எதுவும் கையில் இல்லாதவரும் காசாக்குவதை யோசிக்கலாம்; வருமானம் ஒரு வாரம் கூடுதலாக நீளும். ஆனால் அவர் யூனிவர்சல் கிரெடிட் (வேலையோ போதிய வருமானமோ இல்லாதவருக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்கப்போகிறார் அல்லது வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றால், கடைசிச் சம்பளமும் லீவுப் பணமும் ஒரே மதிப்பீட்டு மாதத்தில் விழுந்து அந்த மாதத் தொகையைக் குறைக்கும். விண்ணப்ப நாளை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேதியை இழுப்பது உங்கள் உரிமை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் வேலை பார்த்த ஊழியர் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் சட்டப்படி ஒரு வாரம்தான். ஆனால் கான்ட்ராக்ட் ஒரு மாதம் என்றால் ஒரு மாதம். நிறுவனம் சம்மதித்தால்தான் குறையும். சம்மதித்தால் புதிய தேதியும் லீவுப் பணமும் ஒரே மின்னஞ்சலில் எழுத்தாக வரட்டும். "லீவை நோட்டீஸில் கழிச்சாச்சு" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால், பணம் தரப்போகிறார்களா இல்லையா என்று கேளுங்கள். தேதியும் முன்னே வந்து லீவும் காணாமல் போனால் அது பேரம் அல்ல, நஷ்டம்.

பணம் வாங்கும்போது

"லீவைக் காசாக்கினால் பாதி வரியில் போய்விடும்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. லீவுப் பணமும் சம்பளம்தான். சம்பளத்துக்குப் பிடிக்கும் அதே வருமான வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் (அரசுக் காப்பீட்டுப் பிடித்தம்) தான் இதற்கும். இந்த உதாரணச் சம்பளத்தில் 20 சதவீதமும் 8 சதவீதமும் போக 840-இல் சுமார் 605 கைக்கு வரும். லீவு எடுத்து வீட்டில் இருக்கும் நாளின் சம்பளத்திலும் இதே அளவு பிடித்தம் உண்டு. யாரும் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். எதிர்பாராமல் கூடுதல் பிடித்தம் வருவது ஒரு சந்தர்ப்பத்தில்: பி45 (வேலை விடும்போது நிறுவனம் தரும் சம்பள, வரிச் சான்று) கொடுத்த பிறகு லீவுப் பணத்தைத் தனியாகப் போட்டால், சலுகை இல்லாத 0டி குறியீட்டில் வரி பிடிப்பார்கள். பின்னால் சரிக்கட்டப்படும், ஆனால் காத்திருக்க வேண்டும். கடைசிப் பேஸ்லிப்பிலேயே சேர்த்துப் போடச் சொல்லிவிடுங்கள்.

வரியைவிடப் பெரிய ஓட்டை ஒரு நாள் கூலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. 36,400-ஐ 260-ஆல் வகுக்காமல் 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 99.73 பவுண்டு. ஆறு நாளுக்கு 598. அதாவது 240 பவுண்டுக்கு மேல் குறைவு. சனி ஞாயிறுக்கும் சேர்த்து வகுத்துவிட்டு, லீவை மட்டும் வேலைநாளில் எண்ணுவது எந்த ஊர் நியாயம்? 5.6 வாரத்துக்குள் வரும் நாட்களுக்கு, வேலையில் இருந்தபோது லீவு எடுத்திருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. பேஸ்லிப்பில் தொகையைப் பார்த்தவுடன் நாள் கணக்கால் வகுத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. வழக்கமாக ஓவர்டைமோ கமிஷனோ வாங்குகிறவர்களுக்கு லீவின் நாலு வாரப் பகுதியில் அதுவும் சேர வேண்டும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் போட்டிருந்தால் கேளுங்கள்.

லீவை அதிகமாக எடுத்துவிட்டு விடுகிறவர்களுக்கும் ஒரு சொல். ஜூனுக்குள் 20 நாள் முடித்துவிட்டால், கூடுதலாக எடுத்ததைக் கடைசிச் சம்பளத்தில் பிடிக்க எழுத்தில் முன்பே ஒப்பந்தம் இருக்க வேண்டும். பெரும்பாலான கான்ட்ராக்ட்களில் இருக்கும். வேலைநேரம் நிலையில்லாதவர்களுக்கு ஒவ்வொரு பேஸ்லிப்பிலும் 12.07 சதவீதம் லீவுப் பணமாகத் தனி வரியில் சேர்ந்து வந்திருந்தால், அவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. கொடுத்தாயிற்று.

லீவில் இருந்துகொண்டே புதிய வேலையில் சேரலாமா

லீவைக் கடைசியில் அடுக்கியவர்களுக்கு வரும் ஆசை இது. சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. பழைய கான்ட்ராக்ட் தடுக்கலாம், பெரும்பாலும் தடுக்கும். வேறு வேலைக்கு அனுமதி வேண்டும் என்ற வரி இருந்தால், போட்டி நிறுவனத்தில் போய் உட்கார்வது வம்பை விலைக்கு வாங்குவது. இன்னொரு தொல்லை வரி. பழைய வேலை முடியாமல் பி45 வராது; புதிய இடத்தில் இது இரண்டாவது வேலையாகப் பதிவாகி, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிக்கும் பிஆர் குறியீடு விழும். சீக்கிரம் சேர வேண்டும் என்றால் நேராகத் தேதியை இழுக்கக் கேட்பதே மேல்.

விசாவில் இருப்பவர்களுக்கு

நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்பில் கிடைக்கும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வேலை மாறுகிறவர்களுக்கு மேலே சொன்ன ஒப்பீடு கொஞ்சம் புரண்டுவிடும். புதிய நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்போடு விசாவைப் புதுப்பிக்க விண்ணப்பித்து, அனுமதி கைக்கு வந்த பிறகே அங்கே சேர முடியும். நாட்டுக்குள்ளிருந்து போடும் விண்ணப்பத்துக்கு வழக்கமாக எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை பழைய வேலையில் தொடரலாம், நோட்டீஸையும் ஓட்டலாம். வேலை முடிந்துவிட்டால் பழைய ஸ்பான்சர் (பழைய நிறுவனம்) உள்துறையான ஹோம் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் விசாக் காலத்தை வழக்கமாக 60 நாளாகக் குறைப்பார்கள்.

அதனால் இவர்களுக்குத் தேதியை முன்னே இழுப்பது கடைசி யோசனையாகவே இருக்க வேண்டும். விசா வராமல் ஜூன் 22-இல் விடுதலை வாங்கினால், சம்பளமும் இல்லை, புதிய இடத்தில் சேரவும் முடியாது. லீவைக் கடைசியில் அடுக்கினால் வேலை உயிரோடு இருக்கும், கூடுதலாகச் சில நாள் அவகாசமும் கிடைக்கும்.

அந்த அவகாசத்தில் ஊருக்கு ஒரு எட்டுப் போய்வரலாம் என்று டிக்கெட் போடுகிறவர்கள் நிற்க வேண்டிய இடம் இது. பிரிட்டனுக்குள் போட்ட விசா விண்ணப்பம் முடிவாகும் முன் பிரிட்டன், அயர்லாந்து, சேனல் தீவுகள், ஐல் ஆஃப் மேன் இவற்றுக்கு வெளியே போனால், விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். லீவு இருக்கிறது, டிக்கெட் மலிவு, அம்மா கூப்பிடுகிறார் என்பதெல்லாம் அங்கே செல்லாது. பயணம் முக்கியம் என்றால் ராஜினாமாவுக்கும் விண்ணப்பத்துக்கும் முன்னால், வேலையில் இருக்கும்போதே லீவை எடுத்துப் போய் வந்துவிடுங்கள். இல்லையா, விசா வந்தபின் புதிய வேலை தொடங்கும் நாளைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கேளுங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரு வாரத்துக்கு முகம் சுளிப்பதில்லை.

கடிதத்தில் என்ன எழுதுவது என்று கேட்டால், மூன்று தேதிகள்: நோட்டீஸ் தொடங்கும் நாள், ஆபீஸுக்கு வரும் கடைசி நாள், வேலை முடியும் நாள். கூடவே லீவு இத்தனை நாள் மிச்சம் என்று உங்கள் கணக்கு, அதை என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு வரி. ஹெச்ஆர் கணக்கு வேறாக இருந்தால் அப்போதே பேசி முடிக்கலாம். கடைசிப் பேஸ்லிப் வந்தும் பணம் குறைவாக இருந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் வேலைத் தகராறுகளில் இலவசமாக ஆலோசனை தரும் ஏக்காஸ் அமைப்பின் உதவி எண்ணும், வழக்குக்கு முன் அது நடத்தும் சமரசப் பேச்சும் இருக்கிறது, வேலைத் தகராறுகளை விசாரிக்கும் டிரிப்யூனலுக்குப் போவதென்றாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அதற்கான காலக்கெடு குறுகியது, புதிய வேலையின் பரபரப்பில் அது ஓடிவிடும்.